விழுந்த பிறகு கொடுக்கும் சக்கர நாற்காலி: சுங்கை சிப்புட் வட்டாரக் கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். இப்போது ஈப்போவில் இயன்முறை மருத்துவராக, நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் பிசியோவாக, வேலை பார்க்கிறேன். உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் காலையில் ஒரு மணி நேரம் உங்கள் கோயில் மண்டபத்தை முதியவர்களின் கால்வலுப் பயிற்சிக்கும் சமநிலைப் பயிற்சிக்கும் திறந்துவிடுங்கள். அப்புறம், கோயிலுக்குள்ளேயே அவர்கள் வழுக்கி விழக்கூடிய இடங்களைச் சரிசெய்யுங்கள். இரண்டாவதற்கு அதிக விளக்கம் தேவைப்படாது. முதலாவதற்கு ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு ஏன் கோயிலைத் தேடி வருகிறேன் என்று நீங்கள் கேட்பது நியாயம்.

தீபாவளி நெருங்கினால் நம் பக்கம் சக்கர நாற்காலி வழங்கும் நிகழ்ச்சிகள் களைகட்டும். மாலை, பொன்னாடை, பத்திரிகைக்கு ஒரு படம். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் என்ன ஆனது என்று கேட்டுப் பாருங்கள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்யா" என்பார். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, படுக்கையில் கிடந்து, கடைசியில் இந்த நாற்காலிக்கு வந்திருப்பார். அவராவது வந்தார். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார். மீதிப் பேரிலும் பலருக்குப் பழைய நடை திரும்புவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுதோறும் சுமார் 684,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

நாம் இதை நேரம் சரியில்லை என்போம், கண்டம் என்போம், கண்பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுவோம். சுற்றிப் போடுங்கள், வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனால் 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் நேரம் கெடாது. தொடையில் வலு போயிருக்கும். சர்க்கரை நோயால் பாதம் மரத்திருக்கும். கண்ணில் புரை இருக்கும். தூக்க மாத்திரையோ இரத்தக் கொதிப்பு மாத்திரையோ எழுந்தவுடன் தலையைச் சுற்ற வைத்திருக்கும். பெரும்பாலும் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே ஆளைச் சாய்க்கும். மலேசியாவில் இனவாரியாகப் பார்த்தால் நீரிழிவு நம்மவரிடையேதான் அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் முதியவர்கள் யார் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1948-ல் இதே சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் சுடப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் பிரிட்டிஷ் அரசு அவசரகாலம் அறிவித்த வருடத்தில் பிறந்த குழந்தைகள் இப்போது எண்பதைத் தொட நிற்கிறார்கள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போனவர்கள். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் நிரை நிரையாகப் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர்கள். பால் தளும்பும் இரண்டு வாளிகளைத் தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு, மழையில் ஊறிய சரிவில் இறங்கி ஸ்டோருக்கு நடந்தவர்கள். வாளி ஒரு பக்கம் ஆடினால் இடுப்பு மறுபக்கம் போய் அதைப் பிடிக்கும். கால்விரல் மண்ணை அழுத்தும். நாங்கள் இன்று பிசியோ அறையில் சொல்லிக்கொடுப்பதை விடக் கடினமான சமநிலைப் பயிற்சி அது. தினமும் செய்தார்கள், சம்பளத்துக்காகச் செய்தார்கள்.

ஒருநாள் அது நின்றுபோனது. வயதாகி வேலை முடிந்தது, தோட்டம் கைமாறியது, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தோட்டத்து லய வரிசை வீட்டிலிருந்து தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளைகள் பாசத்தில், "இத்தன வருஷம் உழைச்சது போதும், உட்காருங்கம்மா" என்கிறார்கள். தண்ணீர்கூட கைக்கு வந்துவிடுகிறது. நாற்காலி, டிவி, கட்டில். அதற்கு மேல் காலுக்கு வேலை இல்லை. பயிற்சி செய்யுங்கள் என்று நான் சொன்னால், "இது உழைச்ச உடம்பும்மா, இதுக்கு என்னத்துக்கு எக்சர்சைஸு" என்று சிரிக்கிறார்கள். உடம்பின் வலு ஓய்வுகாலச் சேமிப்பான இபிஎஃப் பணம் இல்லையே, தொடாமல் வைத்திருந்தால் வட்டியோடு வளர்வதற்கு! வயதான தசை சில வாரம் சும்மா கிடந்தாலே இளைக்கத் தொடங்கிவிடும். ஒருமுறை விழுந்தவர் பயத்தில் நடையைக் குறைப்பார்; நடை குறைந்ததால் கால் இன்னும் இளைக்கும்; அடுத்த தடவை இன்னும் எளிதாக விழுவார்.

எப்படிச் சோதிக்கிறோம் என்று சொல்கிறேன். ஒரு பாட்டியைச் சுவரோரம் நிறுத்தி, ஒரு பாதத்தின் குதிகால் மறுபாதத்தின் விரலைத் தொடும்படி ஒரே கோட்டில் நிற்கச் சொல்வோம். நான் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பேன். பத்து விநாடி போதும். முதல் இரண்டு விநாடி ஒன்றும் தெரியாது. பிறகு கணுக்கால் இரு பக்கமும் வெடவெடக்கும், விரல்கள் தரையைக் கவ்வும், கை தானாகச் சுவரைத் தேடும். ஐந்தாவது விநாடியில் "ஆத்தாடி, போதும்மா" என்று காலை எடுத்துவிடுவார். பத்து விநாடி நிற்க முடியாதவருக்கு விழும் அபாயம் அதிகம். இன்னொரு சோதனையில், நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். அதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் அதே எச்சரிக்கைதான். இதற்கெல்லாம் எந்த மெஷினும் வேண்டாம். ஒரு நாற்காலி, தரையில் ஒட்ட ஒரு துண்டு டேப், கையில் இருக்கும் போன்.

சரி, எண்பது வயதில் பயிற்சி செய்து என்ன ஆகப்போகிறது? ஆகிறது. வீட்டில் வாழும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த நூற்றுக்கும் அதிகமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பு 2019-ல் வந்தது. பயிற்சி செய்தவர்கள் விழும் எண்ணிக்கை ஏறக்குறைய 23 விழுக்காடு குறைந்திருந்தது. சமநிலைப் பயிற்சியோடு தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் சேர்ந்தபோது குறைவு 34 விழுக்காடு வரை போனது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான ஒட்டாகோ பயிற்சித் திட்டம் இதே கலவைதான்: காலுக்கு வலு, நிற்பதில் நிதானம், கூடவே நடை. உலகச் சுகாதார நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியில், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 3 நாளாவது இப்படிப்பட்ட பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. மண்டபத்தில் இரண்டு நாள், வீட்டில் ஒரு நாள் என்று நான் கணக்குப் போட்டது அதை வைத்துத்தான்.

"நாங்கதான் தினமும் பிரகாரம் சுத்துறோமே" என்று சிலர் சொல்வார்கள். சுற்றுங்கள், இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் வெறும் நடை மட்டும் விழுவதைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சமநிலையைக் கொஞ்சம் சோதிக்கிற மாதிரி, பத்திரமான இடத்தில், காலுக்குச் சவால் கொடுக்க வேண்டும். பக்கவாட்டில் அடி வைக்க வேண்டும், பின்னால் நடக்க வேண்டும், இரண்டு பக்கமும் திரும்ப வேண்டும். கோயிலில் எப்போதும் வலமாகவே சுற்றிப் பழகியவர்கள் வகுப்பில் இடமாகவும் சுற்ற வேண்டியிருக்கும். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். பிள்ளையாருக்குப் போடும் தோப்புக்கரணமும் தொடைக்கு நல்ல வேலைதான். மூட்டுவலிக்காரர் முழுசாக உட்கார வேண்டாம்; நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாலே போதும்.

இனி, ஏன் கோயில்? ஆஸ்பத்திரிப் பிசியோவுக்கு வர மகன் லீவு எடுக்க வேண்டும், அல்லது யாராவது காரில் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு வர வேண்டும். சில தடவை வருவார்கள், பிறகு தேதி தவறும், ஃபைல் மூடப்படும். வீட்டில் செய்யச் சொல்லிக் கொடுக்கும் தாள் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். தனியாக யாருக்கும் மனசு வராது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. அரசு கிளினிக்குகளில் முதியோர் மன்றங்கள் உண்டு. சமூகநலத் துறையின் முதியோர் நடவடிக்கை மையங்களும் நாட்டில் பல இடங்களில் உண்டு. ஆனால் நான் பார்த்தவரை தோட்டத்து ஆட்கள் அங்கே போவது குறைவு. வண்டி வசதி ஒரு காரணம், கூச்சம் இன்னொன்று. கோயிலுக்கு மட்டும் யாரும் அழைக்காமல் வருகிறார்கள். மண்டபத்தில் மின்விசிறி இருக்கிறது, கூரை இருக்கிறது, சமதளத் தரை இருக்கிறது. கல்யாண நாட்களை விட்டால் வாரநாள் காலையில் பூட்டித்தான் கிடக்கிறது.

வகுப்பு எப்படி நடக்கும் என்றால், ஒருவர் முன்னால் நின்று செய்து காட்டுவார். நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் எழுவது, உட்காருவது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி நிற்பது. காலைப் பக்கவாட்டில் தூக்குவது. கோட்டில் நடப்பது. முதல் வாரங்களில் இரண்டு கையாலும் பிடிப்பு, பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல். பழகப் பழகக் கொஞ்சம் கடினமாக்காவிட்டால் பயனில்லை. இதில் ஒரு எச்சரிக்கை: மண்டபத்தில் அடுக்கி வைத்திருக்கும் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் சறுக்கும், பிடித்து நிற்கும் கனமும் அதற்கு இல்லை. உட்கார்ந்து எழ அதைச் சுவரில் முதுகு ஒட்டும்படிதான் போட வேண்டும். பிடித்து நிற்க கனமான மர நாற்காலியோ சுவரில் பதித்த கம்பியோ வேண்டும். கீழே விழுந்தால் எப்படி எழுவது என்பதையும் பாய் விரித்துச் சொல்லிக்கொடுப்போம்: பதறாமல் பக்கவாட்டில் புரண்டு, முட்டியும் கையும் ஊன்றித் தவழ்ந்து நாற்காலிக்குப் போய், வலுவான காலை முதலில் ஊன்றி எழுவது. இடுப்பு வலித்தாலோ கால் கோணிக்கொண்டாலோ எழ முயலாமல் ஆளைக் கூப்பிட்டு 999-ஐ அழைப்பது.

அண்மையில் விழுந்தவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள், ஸ்ட்ரோக் வந்தவர்கள் முதலில் கிளினிக்கில் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். இதில் சமரசம் கிடையாது. தாத்தாக்களுக்கு ஒரு வார்த்தை: பாட்டிகள் பார்ப்பார்கள் என்று வெட்கப்பட்டுக்கொண்டு தேநீர் ஒட்டுக்கடையிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஒவ்வொருவரையும் தொடக்கத்தில் சோதித்துப் பார்க்க நானும் என்னோடு வேலை செய்யும் சிலரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறோம், கட்டணம் இல்லை. ஒவ்வொரு கோயிலிலும் இரண்டு தொண்டர்களைப் பழக்கிவிட்டால் வாரநாள் வகுப்பை அவர்களே நடத்தலாம். நீங்கள் கோலகங்சார் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, அவ்வப்போது ஒரு பிசியோவை அனுப்பிப் பார்வையிடச் சொல்ல வேண்டும். நான் தனியாளாகக் கேட்பதற்கும் கோயில் முத்திரையோடு கடிதம் போவதற்கும் வித்தியாசம் உண்டு.

பணத்தைப் பற்றிக் கவலைப்படுவீர்கள். பாயும் டேப்பும் நாலு கனமான நாற்காலியும் ஒரு சக்கர நாற்காலி விலைக்குள் அடங்கிவிடும். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளிகள் வேலை இழந்துகொண்டிருந்த 1960-ல், தொழிலாளிகள் மாதம் பத்து வெள்ளி போட்டுத் தோட்டம் வாங்கலாம் என்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய அன்றைய ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர். சின்னத் தொகையைச் சேர்த்துக் காரியம் செய்வதை நமக்கு வெளியாள் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம் அந்த இரண்டாவது கோரிக்கை. கால் கழுவும் குழாயடியிலிருந்து வாசல்வரை ஈரம் சொட்டச் சொட்ட வருகிறார்கள். அங்கே சொரசொரப்பான தரை போடுங்கள். அபிஷேகம் முடிந்ததும் வழிந்த பாலும் தண்ணீரும் காயும்வரை அந்தப் பக்கம் கயிறு கட்டுங்கள். தீபம் ஏற்றும் இடத்தில் எண்ணெய் சொட்டிப் படிந்த டைல்ஸைச் சவர்க்காரம் போட்டுத் தேய்க்க ஓர் ஆள் வையுங்கள். வெறும் தண்ணீரில் துடைத்தால் இன்னும் வழுக்கும். படிகளின் இரு பக்கமும் கைப்பிடிக் கம்பி வேண்டும், படியின் விளிம்பில் மஞ்சள் வர்ணம் வேண்டும். கோயிலில் செருப்பு கிடையாது, பாதம் மரத்த சர்க்கரை நோயாளிக்கு ஈரமா எண்ணெயா என்று காலில் தெரியாது. கழிவறையில் ஒரு கம்பி. லொங்காங் எனும் சாக்கடைக் கால்வாய் மீது போட்டிருக்கும் பலகை ஆடினால் அதையும் பாருங்கள்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்துப் பேசுங்கள். எந்தக் கிழமை மண்டபம் காலி, சாவி யாரிடம் கேட்க வேண்டும், தொண்டர்களாக யாரை அனுப்புவீர்கள் என்று எழுதித் தெரிவித்தால், முதல் ஞாயிற்றுக்கிழமைச் சோதனைக்குத் தேதி குறித்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் வட்டாரத்துத் தோட்டத்தில் பிறந்த ஓர் இயன்முறை மருத்துவர்