திருவருகைக் காலம் முடியட்டும், அப்புறம் கொண்டாடுவோம்

அன்புள்ள பங்குத்தந்தைக்கும் பங்கு அருட்பணிப் பேரவையினருக்கும் வணக்கம்.

நவம்பர் 30 சாயங்காலம் நம் கோயில் முற்றத்தில் நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். 2017-இல் ஒக்கி புயல் அடித்த தேதி அது என்று குமரிக் கடற்கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய ஆயத்தக் காலம்தான் திருவருகைக் காலம்; இந்த 2025-இல் அதன் முதல் ஞாயிறும் அதே நாளில் வந்தது. காலைப் பூசையில் முதல் ஊதா மெழுகுவர்த்தியை ஏற்றினோம், விழிப்பாயிருங்கள் என்ற நற்செய்தியைக் கேட்டோம். சாயங்காலமே நட்சத்திரம் ஏற்றுகிறோம் என்று ஆளுயர ஸ்பீக்கர், சினிமா மெட்டில் பிறப்புப் பாட்டு, கேக், ஆட்டம்.

கோயிலுக்குப் பின் தெருவில் இருக்கும் அம்மாவை உங்களுக்குத் தெரியும். ஒக்கியின்போது கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை. இறப்புச் சான்றிதழ் வந்தது, நிவாரணமும் வந்தது. ஆனால் கல்லறைத் திருநாளுக்கு வாசிக்கிற பட்டியலில் மகன் பெயரைச் சேர்க்க இன்றுவரை அவர் சம்மதிக்கவில்லை. பூசைக் கருத்து, அதாவது எந்த வேண்டுதலுக்காகப் பூசை என்று, எழுதிக் கொடுக்கும்போதும் ஆன்ம இளைப்பாற்றிக்கு என்று எழுத மாட்டார், ‘சுகமாய் வந்து சேர’ என்றுதான் எழுதுவார், யார் திருத்தச் சொன்னாலும் கேட்க மாட்டார். அன்றைக்கு நான் போனபோது ஜன்னல் கம்பியெல்லாம் அதிர, கதவைச் சாத்திக்கொண்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது. இப்படி ஒரு நிகழ்ச்சி இருக்கிறது என்று முன்னாலேயே ஒரு வார்த்தை அவரிடம் சொல்ல நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஊதா உடை எதற்கு, ஞாயிறுப் பூசைகளில் ‘உன்னதங்களிலே’ என்ற வானவர் கீதத்தைப் பாடாமல் விடுவது எதற்கு, பீடத்தில் பூவைக் குறைப்பது எதற்கு என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். டிசம்பர் 16 வரை ஆண்டவரின் இரண்டாம் வருகையை எதிர்நோக்கும் நாள்கள், 17-இலிருந்துதான் பிறப்புக்கான நேரடி ஆயத்தம் என்று மறைக்கல்வியில் படித்தோம். கண்ணால் பார்த்துவிட்டதை யாராவது எதிர்நோக்குவார்களா என்று பவுல் உரோமையருக்கு எழுதிக் கேட்கிறார். நற்செய்தியில் வரும் சிமியோன் மீட்பரைக் காணக் காத்திருந்தார், 84 வயதுக் கைம்பெண் அன்னா கோயிலை விட்டு நீங்காமல் நோன்பிருந்து ஜெபித்தார். கையில் ஒரு அத்தாட்சியும் இல்லாமல், வருவார் என்பதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். நம் ஊரில் அப்படி வாழ்கிறவர் அந்த அம்மா. திருவருகைக் காலம் என்றால் என்னவென்று அவரைப் பார்த்துத்தான் நாம் படிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அவசரப்படுகிறோம். கிறிஸ்து பிறப்புக் காலம் ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. நாமோ புத்தாண்டு முடிந்த கையோடு குடிலைப் பிரித்துவிடுகிறோம். இருபத்தைந்துக்கு முன்னால் கொண்டாடித் தீர்த்துவிட்டு, கொண்டாட வேண்டிய நாள்களில் களைத்துப் போகிறோம்.

கேட்பது இதுதான்: திருவருகைக் காலம் முடியட்டும், அப்புறம் கொண்டாடுவோம். 24 இரவுப் பூசைக்குப் பிறகு எவ்வளவு பாட்டு வேண்டுமானாலும் போடுங்கள், நானும் வந்து பாடுகிறேன். அதுவரை மீதமிருக்கும் நாள்களிலாவது ஸ்பீக்கரை இறக்கிவிட்டு, கடலில் ஆளைத் தொலைத்த வீடுகளில் அன்பிய ஜெபத்தை, அதாவது அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடிச் சொல்லும் ஜெபத்தை, வையுங்கள். 2026-இல் திருவருகைக் காலம் நவம்பர் 29-இல் தொடங்குகிறது, மறுநாள் ஒக்கி நினைவு நாள். அதையும் இப்போதே அடுத்த பேரவைக் கூட்டத்தில் பேசி முடிவெடுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பங்கு மக்களில் ஒருவன்