டைவிங் க்ளவுஸ் தடிமனா வாங்கினா மட்டும் விரல் விறைக்காம இருக்காதுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல கனடாவுல ஹூரான் ஏரிக்கரைல இருக்கற டோபர்மோரி ஊர் பத்தி வந்த கட்டுரை நல்லா இருந்துச்சு, கண்ணாடி அடி வெச்ச படகு, ஃப்ளவர்பாட் தீவுன்னு படிக்கும்போதே கிளம்பிடலாமான்னு தோணுச்சு, ஆனா கடைசில டைவிங் போறவங்க இருக்கறதுலயே தடிமனான க்ளவுஸ் வாங்கிக்கங்கன்னு ஒரே வரில முடிச்சுட்டீங்க பாருங்க, அந்த வரிக்காகத்தான் இந்த லெட்டர். அதே யோசனைய கேட்டு நான் மாட்டிக்கிட்டவன்.

நான் டைவிங் கத்துக்கிட்டது பாண்டிச்சேரில. அங்க தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், க்ளவுஸ் பத்தின பேச்சே வராது. கனடா வந்து முதல் ஆகஸ்ட்ல டோபர்மோரில ஸ்வீப்ஸ்டேக்ஸ் பாத்தேன், 1867ல கட்டி 1885ல முழுகின பாய்மரக் கப்பல், 20 அடி ஆழத்துலதான் கெடக்கு, குளிரும் பெருசா தெரியல, அட இவ்ளோதானான்னு நெனச்சுட்டேன். அடுத்த வருஷம் நயாகரா 2க்கு போனோம், டைவிங்குக்குன்னே 1999ல முழுகடிச்ச கப்பல், அது நல்ல ஆழம். கடைக்காரர் 7 எம்எம் க்ளவுஸ் எடுத்துக் குடுத்து, டைட்டா இருந்தாத்தான் தண்ணி உள்ள வராது, ஒரு சைஸ் கம்மியாவே போடுங்கன்னாரு. போட்டேன். பத்து நிமிஷத்துல சுண்டுவிரலும் மோதிர விரலும் இருக்கா இல்லையான்னே தெரியல. காத்து எவ்ளோ மிச்சம்னு பாக்க கேஜ் கிளிப்ப கழட்டணும், கழட்ட முடியல. கூட வந்தவரு பாத்து சொல்லி, அப்படியே மேல வந்துட்டோம். படகுல என் சூட் ஜிப்ப இன்னொருத்தர் கழட்டி விட்டாரு, நர்சரி பிள்ளைக்கு ஷூ கழட்டற மாதிரி.

அந்த ஹூரான் ஏரில ஆகஸ்ட்லயும் ஏன் அப்படின்னா, நல்ல தண்ணி 4 டிகிரிலதான் ரொம்ப கனமா இருக்கும், அந்த கனத்த தண்ணி அடில உக்காந்துக்கும், வெயில்ல சூடானது மேலயே மிதக்கும். நடுவுல தெர்மோக்ளைன்னு ஒரு கோடு, அத தாண்டினீங்கன்னா மாசம் என்னவா இருந்தாலும் குளிர்தான்.

இப்ப 7 எம்எம் ஏன் காப்பாத்தல? க்ளவுஸ் செய்யற நியோப்ரீன்ங்கற நுரை ரப்பர்ல சூட்ட பிடிச்சு வைக்கறது ரப்பர் இல்ல, உள்ள இருக்கற குட்டி குட்டி காத்துக் குமிழிங்க. 10 மீட்டர்ல அந்த காத்து பாதியாகுது, 30 மீட்டர்ல கால் பங்கு, அப்ப கடைல பாத்த தடிமன் அங்க கெடையாது. அத விட பெரிய தப்பு டைட். ரத்தம் விரல் நுனி வரைக்கும் போனாத்தான சூடு, நானே இறுக்கி அடைச்சு வெச்சிருந்தேன். லூசாவும் போகக் கூடாது, ஒவ்வொரு அசைவுக்கும் புதுத் தண்ணி உள்ள வந்து போகும். விரல மடக்கி நீட்ட முடியணும், நுனில காலி இடம் இருக்கக் கூடாது, மணிக்கட்டுல மட்டும் நல்லா ஒட்டிப் பிடிக்கணும். கடையிலயே போட்டுக்கிட்டு ஒரு கிளிப், ஒரு பக்கிள், மிதக்கறதுக்கு ஜாக்கெட்ல காத்து நிரப்பற இன்ஃப்ளேட்டர் பட்டன் எல்லாம் அமுக்கிப் பாருங்க, கடைக்காரர் மொறைச்சா மொறைக்கட்டும். ஆபத்துல, கீழ எறங்க இடுப்புல கட்டற வெயிட் பெல்ட்ட கழட்ட முடியாத க்ளவுஸ் எவ்ளோ சூடா இருந்தா என்ன?

இன்னொண்ணு, கை குளிருதுன்னா குத்தம் கை மேல மட்டும் இல்ல. உடம்பு குளிர ஆரம்பிச்சதும் கை கால்ல இருந்து ரத்தத்த இழுத்து நெஞ்சு வயிறு பக்கம் வெச்சுக்கும், அப்பறம் எந்த க்ளவுஸ் போட்டும் பிரயோஜனம் இல்ல. நான் அன்னிக்கு தலைய மூடற ஹூட் 3 எம்எம்ல போட்டுட்டு கைக்கு 7 எம்எம் தேடிட்டு இருந்தேன், என்னத்த சொல்ல. நல்ல ஹூட் வாங்கினதுலயே பாதி பிரச்சனை தீந்துச்சு.

இப்ப நான் போடறது 5 எம்எம், என் சைஸ்லயே. ரெண்டு டைவ்னா மூணு விரல் மிட்டன், விரலுங்க ஒண்ணுக்கொண்ணு ஒட்டி இருக்கறதால சூடு தங்குது, ஆனா கேமரா வெச்சிருக்கறவங்களுக்கு ஒத்து வராது. தண்ணியே உள்ள வராத டிரைசூட் இருக்கறவங்க டிரை க்ளவுஸ் பாக்கலாம், மேல மீனவங்க போடற மாதிரி பிவிசி க்ளவுஸ், மணிக்கட்டுல ரிங், உள்ள கம்பளி. காட்டன் வேண்டாம், நனைஞ்சா அவ்ளோதான், கம்பளி நனைஞ்சும் கொஞ்சம் தாங்கும். சூட்ல மணிக்கட்ட சுத்தி ஒட்டிப் பிடிக்கற சீலுக்கு அடில ஒரு மெல்லிசு டியூப் சொருகி சூட்ல இருக்கற காத்த க்ளவுஸுக்கு விடணும், இல்லன்னா ஆழத்துல கைய நசுக்கிப் பிடிக்கும். ஆனா டியூப் இருந்து க்ளவுஸ் கிழிஞ்சா தண்ணி சூட்டோட கைப்பகுதிக்குள்ளயும் வரும், அதையும் தெரிஞ்சுக்கிட்டே போடுங்க. பேட்டரி வெச்ச ஹீட்டிங் க்ளவுஸும் இருக்கு, நடுவுல சார்ஜ் போனா என்ன பண்றதுங்கற பயத்துல நான் தொடல.

செலவில்லாத வழி ஒண்ணு, பிளாஸ்க்ல வெதுவெதுப்பான தண்ணி கொண்டு போய் எறங்கறதுக்கு முன்னாடி க்ளவுஸுக்குள்ள ஊத்திக்கங்க. கொதிக்கற தண்ணி வேணாம், அதுவும் மேல வந்தப்பறம் மரத்துப்போன கைல சூடு தெரியாது, வெந்தே போயிடும். குளிர்ல விரல் வெளுத்துப் போற ரேனாட்ஸ் பிரச்சனை இருக்கறவங்க டாக்டர கேட்டுட்டே போங்க.

அடுத்த தடவ டோபர்மோரி பத்தி போட்டீங்கன்னா, டைவ் பண்றவங்க முதல்ல அங்க இருக்கற பார்க் ஆபீஸ்ல பதிவு பண்ணணும்ங்கறதையும் சேத்துப் போடுங்க, அது கட்டுரைல இல்ல.

இப்படிக்கு,
உங்க வாசகன், மிசிசாகா