ஒன்னோட எடது கண்ணு பத்தி

மச்சான்,

எப்படி இருக்க, வீட்ல எல்லாரும் சொகமா? போன்லயே பேசிறலாம்னுதான் பாத்தேன், ஆனா இங்க சிக்னல் ஒனக்குத்தான் தெரியுமே, லயத்துக்கு பின்னால மேட்டுல ஏறி நின்னாதான் ரெண்டு கோடு வரும், இது பாதியில விட்டுட்டு போற கதை இல்ல. அதான் எழுதுறேன். ஒரு கெழமையா மழை விடல. மலைக்கு போறவங்க கால் பூரா அட்டைக்கடி. நம்ம பழைய புள்ளக்காம்பரா கூரைய ஒரு வழியா மாத்திட்டாங்க.

பேத்திக்கு நாலு வயசாச்சு, மக கொழும்புல வேலைங்குறதால எங்ககிட்டதான் வளருறா. மாசியில காமன் கூத்து நடந்த நேரம் அவளுக்கு வலது கண்ணுல கண் நோய் வந்து வீங்கி ஒட்டிக்கிச்சு. எடது கண்ணு நல்லா தொறந்துதான் இருக்கு, ஆனா புள்ள சுவத்த தடவிக்கிட்டு நடக்குறா, வாசப்படியில எறங்க கால நீட்டி நீட்டி தேடுறா. நா அடுப்படியில இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன், நெஞ்சு பக்குனு ஆயிருச்சு. வீங்குன கண்ணு சரியானதும் பழையபடி ஓடுறா, ஒன்னுமே நடக்காத மாதிரி. இத்தன நாளும் ஒரே கண்ணுலதான் ஓடிக்கிட்டு இருந்திருக்கா, நாங்க யாருமே கவனிக்கல.

டவுன்ல ஒரு கண்ணாடிக்கடையில காட்டினா, சின்னப்புள்ளதானே, ஸ்கூலுக்கு போனப்பறம் பாத்துக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டாரு. பக்கத்து வீட்டு அக்கா வேற, பொம்பளப்புள்ளைக்கு இப்பவே கண்ணாடி போட்டா நாளைக்கு எவன் கட்டுவான்னு ஆரம்பிச்சிட்டாங்க. எனக்கு மனசு கேக்கல, அடுத்த நாளே மொத பஸ்ல நுவரெலியாவுக்கு கூட்டிட்டு போயிட்டேன். சொட்டு மருந்து ஊத்தி ஒக்கார வச்சு லைட் அடிச்சு பாத்துட்டு அந்த டொக்டர் அம்மா சொன்னாங்க, எடது கண்ணுக்கு பவர் ரொம்ப கூட, வலதுக்கு அவ்வளவா இல்ல, மங்கலா வர்ற படத்த மூளை ஒதுக்கிருச்சு, கண்ணுக்குள்ள ஒரு நோயும் இல்ல, மூளைதான் அந்தக் கண்ண சேத்துக்கல. அம்ப்லியோபியா, சோம்பேறிக் கண்ணுனு சொல்றது.

மச்சான், இதே பேச்ச நா முன்னாடி ஒன் கடிதத்துல வாசிச்சிருக்கேன். லைசன்ஸ் எடுக்க போன எடத்துல ஒன் எடது கண்ணு ஒன்னுத்துக்கும் ஆகாதுன்னு கண்டுபுடிச்சாங்க, கண்ணு சுத்தமா இருக்கு, கண்ணாடி போட்டும் பிரயோஜனமில்லனு டொக்டர் கைய விரிச்சிட்டாருனு வவுனியாவுல இருந்து எழுதியிருந்தியே. அப்ப எனக்கு அது வெளங்கல. கண்ணு நல்லாருந்தா எப்படிடா தெரியாம போகும்னு நெனச்சேன். இப்ப வெளங்குது, ஒனக்கும் சொல்லனும்.

1958ல அமெரிக்காவுல பால்டிமோர்ல ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல மூளைய ஆராயுற ரெண்டு பேர் சேந்தாங்க, கனடாக்காரர் டேவிட் ஹியூபல், சுவீடன்காரர் டோர்ஸ்டன் வீசல். கண்ணுல இருந்து மூளைக்கு போற நரம்புல சுமார் 10 லட்சம் இழை இருக்கு, அது கொண்டு போறத மூளை என்ன பண்ணுதுனு அப்ப யாருக்கும் சரியா தெரியாது. ஹியூபல் தலைமயிர விட மெல்லிசான முனை இருக்க டங்ஸ்டன் கம்பி ஒன்ன தானே செஞ்சிருந்தாரு, அத மயக்கத்துல இருக்க பூனையோட மூளைக்குள்ள எறக்கி ஒரே ஒரு செல்லு மின்சாரத் துடிப்பா பேசுறத ஸ்பீக்கர்ல கேப்பாங்க. கண்ணாடித் தகட்டுல கறுப்புப் பொட்டு வச்சு பூனைக்கு முன்னால காட்டி காட்டி மணிக்கணக்கா ஒக்காந்திருக்காங்க, செல்லு ஒன்னும் பெருசா சொல்லல. திடீர்னு படபடபடனு வெடிக்குது, பொட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. தகட்ட உள்ள தள்ளுறப்ப அதோட ஓரம் திரையில ஒரு மெல்லிசான கோடா நிழல் விழுந்திருக்கு, அந்த செல்லுக்கு வேண்டியது அந்தக் கோடுதான், அதுவும் அந்த சாய்வுல, அந்தப் பக்கமா நகந்தாதான். ஒரே செல்லுகிட்ட சுமார் 9 மணித்தியாலம் இருந்திருக்காங்க. யோசிச்சு பாரு, வேற யாராவதா இருந்தா ரெண்டு மணித்தியாலத்துல எந்திரிச்சு போயிருப்பாங்க. இத்தன வருசமா கண்ணு ஒரு கேமரானு போட்ல படம் வரைஞ்சு புள்ளைங்களுக்கு படிச்சு குடுத்திருக்கேன், அது பாதிதான் உண்ம. இந்தச் சாய்வுக்கு ஒரு செல்லு, அந்தச் சாய்வுக்கு இன்னொன்னுனு கோடு கோடா சேத்து மூளைதான் பாக்குது.

அதுக்கப்பறம் ஹார்வர்டுக்கு போய், பொறந்த பூனைக்குட்டிக்கு ஒரு கண்ணு எமைய தச்சு மூடி வச்சு ரெண்டு மூணு மாசம் கழிச்சு தொறந்து பாத்தாங்க, 1963ல எழுதுனது இது. கண்ணுல ஒரு கொறையும் இல்ல, ஆனா மூளையில அந்தக் கண்ணுக்கு பதில் சொல்ற செல்லு கிட்டத்தட்ட ஒன்னுமே இல்ல, எல்லாத்தையும் தொறந்திருந்த கண்ணு எடுத்துக்கிச்சு. வளந்த பூனைக்கு அதே மாதிரி மூடினா ஒன்னும் ஆகல. பூனைக்கு அந்த ஆபத்தான காலம் நாலாவது கெழமையில தொடங்கி மூணு மாசத்தோட முடியுது. மனுசப்புள்ளைக்கு அது ஏழெட்டு வயசு வரைக்கும்னு சொல்றாங்க, அதுக்கப்பறமும் சிலருக்கு கொஞ்சம் திரும்புதாம், ஆனா கஷ்டம். அந்தக் குட்டிங்கள நெனச்சா எனக்கு வேதனையாத்தான் இருக்கு, வாசிச்ச அன்னைக்கு சோறு எறங்கல. ஆனா பேத்தி கண்ண பாக்குறப்ப அவங்களுக்கு நன்றி சொல்லாமலும் இருக்க முடியல. சுமார் 20 வருசம் ரெண்டு பேரும் சேந்தே வேலை செஞ்சாங்க, 1981ல நோபல் பரிசு குடுத்தாங்க. நல்ல கண்ண மறைச்சு சோம்பேறிக் கண்ண வேலை வாங்குற வைத்தியம் அதுக்கு ரொம்ப முன்னாலயே இருந்திச்சு, பிரான்ஸ்ல பூஃபோன்னு ஒரு விஞ்ஞானி 1743லயே எழுதியிருக்காரு, ஆனா ஏன் சின்ன வயசுலயே அவசரப்படனும்னு மூளைக்குள்ளயே காட்டினது இவங்கதான்.

இன்னொன்னும் இருக்கு. ரெண்டு கண்ணும் கொஞ்சம் வேற வேற படம் எடுக்குது, அந்த ரெண்டையும் ஒன்னா வாங்குற செல்லு இருந்தாதான் ஒரு சாமான் எவ்வளவு கிட்டத்துல இருக்குனு டக்குனு தெரியும். 1982ல கீழ் டிவிசன்காரங்களோட ஆடின மெச்சுல கடைசி ஓவர்ல ஒனக்கு நேரா வந்துச்சே ஒரு கெச், பந்து ஒன் நெஞ்சுல பட்டு விழுந்துச்சு, நா எல்லாருக்கும் முன்னால ஒன்ன குருட்டுப்பயலேனு கத்தினேன். நீ ஒன்னும் பேசல. மட்டைய எடுத்துக்கிட்டு லயத்துக்கு போயிட்ட. அடுத்த வருசக் கலவரத்தோட ஒங்க குடும்பமும் வவுனியாப் பக்கம் போயிருச்சு, அத பத்தி நா ஒங்கிட்ட பேசவே இல்ல. பந்து எவ்வளவு கிட்ட வந்துருச்சுன்னு ஒனக்கு தெரிஞ்சிருக்கவே வாய்ப்பில்ல மச்சான். மன்னிச்சிரு.

இப்ப பேத்திக்கு கண்ணாடி போட்டு, நல்ல கண்ணுல ஒரு நாளைக்கு 2 மணித்தியாலம் பிளாஸ்டர் ஒட்டுறோம். மொத கெழமை வீடே ரெண்டு பட்டுப் போச்சு, ஒட்டினா பிச்சு போடுவா, கழட்டுறப்ப புருவ மயிரோட வரும், கத்துவா. அப்பறம் வீட்டுக்காரி ஓரத்துல தேங்கா எண்ண தடவி ஊற வச்சு எடுத்தா, அதுக்கப்பறம் அழுக இல்ல. ஒட்டினதும் சொளக எடுத்து மடியில வச்சு அரிசியில கல்லு பொறுக்க விடுறா. முந்தி மூக்கு அரிசியில முட்டுற அளவுக்கு குனிஞ்சு வெரலால தடவித்தான் எடுப்பா, கல்லோட சேத்து நல்ல அரிசியையும் வீசுவா. போன ஞாயித்துக்கெழமை நிமுந்து ஒக்காந்தபடியே ஒரு கறுப்புக் கல்ல வெரல் நுனியில தூக்கி, தாத்தா இது எறும்பு இல்ல, கல்லுன்னா. நா எந்திரிச்சு வெளிய போயிட்டேன், புள்ளைக்கு முன்னால அழ வேணாம்னு.

ஒன் பேரனுக்கு மூணு முடிஞ்சிருச்சுல்ல. இது குடும்பத்துல ஓடுற சாமான், தாத்தாவுக்கு இருந்தா பேரப்புள்ளைக்கு வர வாய்ப்பு கூட. நாளைக்கே வெளையாட்டு மாதிரி ஒரு கண்ண பொத்தி விட்டு பாரு, பொறகு மத்த கண்ண பொத்து, ஒரு கண்ண பொத்துனா மட்டும் கைய தட்டி விட்டுட்டு அழுதான்னா காத்திருக்க வேணாம். பொத்தி பாத்து ஒன்னும் தெரியலனாலும் ஆஸ்பத்திரி கண் கிளினிக்குல ஒரு தரம் காட்டிரு, வீட்ல பாக்குறது போதாது. ஸ்கூலுக்கு போகட்டும்னு யாராவது சொன்னா கேக்காத.

எங்களுக்கு அடுத்த கிளினிக் 19ம் தேதி. கண் பாக்குற அட்டையில பேத்தி எத்தனாவது வரி வரைக்கும் வாசிச்சானு அன்னைக்கு மேட்டுல ஏறி நின்னு போன் பண்றேன், நீயும் பேரன் சங்கதிய சொல்லு.