அழிந்துவிட்டன என்று எழுதுமுன்: கிராப்டோலைட் பற்றிச் சில திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் தங்கள் அறிவியல் பக்கத்தில் பழங்காலக் கடல் உயிர்களைப் பற்றி வந்த கட்டுரையில் கிராப்டோலைட்டுகளுக்கும் சில வரிகள் கிடைத்திருந்தன. அவை பவளங்களுக்கு உறவு, முழுவதுமாக அழிந்துபோனவை, கிளைகளின் எண்ணிக்கையை வைத்து வகைப்படுத்தப்படுபவை என்று அதில் கண்டிருந்தது. மூன்றையும் திருத்த வேண்டியிருக்கிறது. கட்டுரையாளரைக் குறை சொல்வது எங்கள் நோக்கமல்ல. நிலவியல் வகுப்புகளில் இன்றும் புரளும் பழைய பாடநூல்கள் பலவற்றில் இதேதான் இருக்கிறது. மாணவர்கள் படிக்கும் பக்கம் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

முதலில், கிராப்டோலைட் என்பது என்ன? கருநிறக் களிப்பாறையை அதன் படுகை வழியே பிளந்தால், பென்சிலால் கிழித்தது போன்ற கோடு ஒன்று தெரியும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸில் பார்த்தால் அதன் ஓரம் பல் பல்லாக இருக்கும். ஒவ்வொரு பல்லும் ஒரு குழாய் அறையின் வாய். ஒவ்வோர் அறையிலும் மிகச் சிறிய உயிர் ஒன்று குடியிருந்தது. எல்லாம் ஒரே முட்டைப்புழுவிலிருந்து மொட்டுவிட்டுப் பெருகியவை. அந்த முதல் உயிர் கட்டிய கூம்பு வடிவ அறைக்குச் சிக்குலா என்று பெயர். படம் வெளியிடும்போது சிக்குலாவின் கூர்முனை மேலேயும் வாய் கீழேயும் இருக்க வேண்டும் என்பது துறை மரபு. தங்கள் பக்கத்தில் வந்த படம் தலைகீழாக இருந்தது.

பவள உறவு பற்றி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவற்றை ஹைட்ராவின் இனத்தோடு சேர்த்தவர்களும் உண்டு, பாசிவிலங்குகளோடு சேர்த்தவர்களும் உண்டு. நசுங்கிய கரிப்படலத்தை மட்டும் பார்த்தவர்களால் அதற்கு மேல் போக முடியவில்லை. வழி திறந்தவர் போலந்து நாட்டு ரோமன் கொஸ்வொவ்ஸ்கி. ஆர்டோவிசியன் காலத் தொடக்கத்தைச் (சுமார் 48 கோடி ஆண்டுகளுக்கு முன்) சேர்ந்த செர்ட் என்னும் கடினமான சிலிக்காக் கற்களை ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் கரைத்து, நசுங்காத கூடுகளை அவர் முழுதாக வெளியே எடுத்தார். 1949இல் வெளியான அவருடைய ஆய்வு நூல் அந்தக் கூடுகளின் சுவரை வளையம் வளையமாகக் காட்டியது. சுவர் அரை வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டப்பட்டது; இரண்டு பக்கத்து அரை வளையங்களும் கூடும் இடத்தில் வளைந்து நெளிந்த கோடு விழும். இன்று கடலில் வாழும் ரப்டோபிளூரா என்னும் அரைநாணி (முதுகுநாணிகளுக்கு நெருங்கிய விலங்குத் தொகுதியைச் சேர்ந்தது) கட்டும் குழாயிலும் இதே அமைப்புதான். பவளப் பூச்சி தன் கூட்டை அடியிலிருந்து சுண்ணாம்பாகச் சுரக்கிறது. கிராப்டோலைட்டோ கொலாஜன் போன்ற நாரிழைகளை வாய் ஓரத்தில் பூசிப் பூசிக் கட்டியது. இரண்டுக்கும் உறவில்லை. பதினோராம் வகுப்பு விலங்கியலில் அரைநாணிகள் என்றதும் பாலனோகிளாசஸ் நினைவுக்கு வரும். அந்தத் தொகுதியைச் சேர்ந்த டைக்கோடெரா புழு மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவு மணலில் வாழ்கிறது. கிராப்டோலைட்டுக்கு நம் கரையில் உறவு தேட வேண்டுமானால் பவளத்திட்டை விட்டுவிட்டு அந்த மணலைத் தோண்ட வேண்டும்.

இனி அழிவு பற்றி. கொஸ்வொவ்ஸ்கிக்குப் பிறகும் ரப்டோபிளூராவைப் பக்கத்து வீட்டு உறவாகத்தான் வைத்திருந்தார்கள். 2013இல் மிட்செல், மெல்சின், கேமரன், மாலெட்ஸ் ஆகிய நால்வரும் உடல் அமைப்புப் பண்புகளை வைத்துப் பரிணாமக் கிளைவரைபடம் போட்டுப் பார்த்தபோது, ரப்டோபிளூரா கிராப்டோலைட்டுகளின் கிளைக்கு உள்ளேயே விழுந்தது. அதாவது அது உயிரோடிருக்கும் கிராப்டோலைட். கடலடியில் சிப்பி ஓட்டிலும் கல்லிலும் ஒட்டிப் படரும் சிறிய குழாய்த் தொகுதி அது. ஆல்மன் அதை விவரித்தது 1869இல். ஆகவே 'கிராப்டோலைட்டுகள் அழிந்துவிட்டன' என்று பொதுவாக எழுதக் கூடாது. நடுக்கடலில் மிதந்து வாழ்ந்த கிராப்டோலாய்டுகள் ஆர்டோவிசியன் தொடக்கத்தில், சுமார் 48.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, டெவோனியன் காலத்தின் முற்பகுதியில் அழிந்தன. புதர்போல் கிளைத்துப் பெரும்பாலும் கடலடியில் ஒட்டி வாழ்ந்த டென்ட்ராய்டுகள் கார்போனிஃபெரஸ் காலம் வரை இருந்தன. ஒட்டிப் படரும் ஒரு சிறு கிளை மட்டும் இன்றுவரை தொடர்கிறது. இதைச் சொல்ல இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் மாணவன் தவறாகவே கற்றுக்கொள்கிறான்.

வகைப்பாடுதான் எங்களுக்கு அதிகம் கவலை தருவது. பழைய முறையில் கிளைகளை எண்ணினார்கள். நான்கு கிளை என்றால் டெட்ராகிராப்டஸ், இரண்டு என்றால் டிடிமோகிராப்டஸ், இருபுறமும் அறைகள் உள்ள ஒரே தண்டு என்றால் டிப்ளோகிராப்டஸ், ஒரு புறம் மட்டும் என்றால் மோனோகிராப்டஸ். செய்முறைத் தேர்வுக்கு இது வசதி. ஆனால் கிளை குறைவது என்பது ஒரே முறை நடந்த மாற்றம் அல்ல. வெவ்வேறு பரம்பரைகள் தனித்தனியாக நான்கிலிருந்து இரண்டுக்கு வந்திருக்கின்றன. அறைகளின் வடிவம் ஒத்திருக்கும் இனங்கள் கிளை எண்ணிக்கையில் வேறுபடுவதை நிக்கல்சனும் மாரும் 1895லேயே சுட்டிக்காட்டினார்கள். அந்த எச்சரிக்கையைப் பாடநூல்கள் இன்னும் முழுதாக ஏற்கவில்லை என்பது வருத்தத்திற்குரியது.

இன்று முதலில் பார்ப்பது தொகுதியின் தொடக்க முனையை. சிக்குலாவிலிருந்து முதல் அறை எந்த இடத்தில் மொட்டுவிடுகிறது, அது முதலில் கீழ்நோக்கி வளர்கிறதா மேல்நோக்கியா, எத்தனையாவது அறை இரண்டு மொட்டுகளைத் தந்து கிளையைப் பிரிக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்தால் குடும்பம் பெரும்பாலும் தெரிந்துவிடும். இருவரிசை இனங்களின் தொடக்க முனை அமைப்புகளை மிட்செல் 1987இல் வகை வகையாகப் பிரித்துக் காட்டிய பிறகு, டிப்ளோகிராப்டஸ் என்ற பெயருக்குள் அள்ளிப் போட்டிருந்தவை பல குடும்பங்களாகப் பிரிந்தன. மோனோகிராப்டஸ் கூட்டத்தின் அடையாளமும் ஒற்றை வரிசை மட்டும் அல்ல. அதன் முதல் அறை தொடக்கத்திலிருந்தே மேல்நோக்கி வளர்கிறது. தொடக்க முனை உடைந்துபோன துண்டு கிடைத்தால் பேரினம் வரை பெயர் சொல்லாமல் நிறுத்திக்கொள்வதே நேர்மை.

கல்லைக் கையில் வைத்திருக்கும் மாணவருக்கு இன்னும் சில சிக்கல்கள் உண்டு. ஒற்றை வரிசைத் தண்டு, அறை வாய்கள் நம்மைப் பார்த்திருக்கும் நிலையில் நசுங்கினால் ஏணிபோலத் தெரியும். இருபுறமும் சமமாக இருப்பதால் இருவரிசை என்று எழுதிவிடுவார்கள். அதே கல்லில் பக்கவாட்டில் கிடக்கும் இன்னொரு படிவத்தைப் பார்த்த பின்பே முடிவுசெய்ய வேண்டும். இரண்டு ஒற்றை வரிசைத் தண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தும் இருவரிசை போலக் காட்டும். நடுவே ஒரே இழைதான் ஓடுகிறதா, சிக்குலா ஒன்றுதானா என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

இதைவிட மோசம், பாறையே நெளிந்திருப்பது. வேல்ஸ் நாட்டின் பலகைக் கற்களைப் போல அழுத்தத்தில் இழுபட்ட பாறைகளில் ஒரே இனம் இரண்டு இனமாகத் தோன்றும். கணக்குப் போட்டால் புரியும். பாறை ஒரு திசையில் 20 விழுக்காடு நீண்டிருந்தால், அத்திசையில் கிடக்கும் படிவத்தில் 10 மில்லிமீட்டருக்கு 12 அறை இருந்தது 10 ஆகக் குறையும், தண்டும் ஒல்லியாகும். அதே விகிதத்தில் பாறை குறுக்கே சுருங்கியிருந்தால், குறுக்கே கிடக்கும் படிவத்தில் 12 என்பது 14ஐத் தாண்டும், தண்டு அகலமாகும். ஒரு கல்லில் ஒரே படிவத்தை அளந்து பெயர் வைத்தால் இந்தப் பள்ளத்தில்தான் விழுவோம். வெவ்வேறு திசையில் கிடக்கும் படிவங்கள் பலவற்றை அளந்து, ஒவ்வொன்றின் அருகிலும் அது கிடக்கும் கோணத்தையும் எழுதுங்கள். அகலமும் அறை இடைவெளியும் கோணத்தோடு சேர்ந்து மாறினால் மாறியது பாறை, இனம் அல்ல.

அளக்கும் முறையிலும் ஒரு திருத்தம் வேண்டும். 10 மில்லிமீட்டருக்கு எத்தனை அறை என்று எண்ணுவது பழைய வழக்கம். அறைகள் தொடக்கத்தில் நெருங்கியும் போகப்போக விலகியும் இருப்பதால் அந்த எண்ணிக்கை வேறுபாட்டை மறைத்துவிடும். சிறு துண்டுகளில் எண்ணவே முடியாது. ஓர் அறைக்கு முந்தைய அறையின் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த அறையின் அதே புள்ளி வரை அளந்து, அதை நடு அறையின் எண்ணோடு பதிவதே சரி. ஹோவ் 1983இல் முன்வைத்த முறை இது. தண்டின் அகலத்தை 1, 5, 10ஆம் அறைகளில் தனித்தனியே எழுதுங்கள்.

பிளந்த கல்லின் இரண்டு பாதிகளையும் ஒரே எண்ணில் வைத்திருக்க வேண்டும். ஒன்றில் இல்லாத சிக்குலா மற்றதில் இருக்கும். வார்னிஷ் பூச வேண்டாம். அது பளபளப்பைத் தந்து ஓரங்களை மறைத்துவிடும், பிறகு நுண்ணோக்கிக்கும் உதவாது. சாய்ந்த வெளிச்சத்தில், தேவைப்பட்டால் கல்லை நீரில் நனைத்துப் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லில் உள்ள படிவங்களைப் பிரித்தெடுக்க 10 விழுக்காடு அசிட்டிக் அமிலம் போதும். வேகம் வேண்டி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அடர்த்தியாக ஊற்றினால் குமிழிகளே கூட்டை உடைத்துவிடும். அமிலத்திலிருந்து எடுத்ததைக் கழுவியதும் கிளிசரினுக்கு மாற்றிவிட வேண்டும். உலரவிட்டால் சுருண்டு வெடிக்கும். செர்ட்டுக்குரிய ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தைக் கல்லூரி ஆய்வகத்தில் தொடவே கூடாது. தோலில் பட்டால் எலும்பு வரை இறங்கும் அமிலம் அது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். ஸ்காட்லாந்தின் தென் மலைப்பகுதியில் பாறை அடுக்கு மிகப் பெரிய தடிமன் கொண்டது என்று நம்பிய காலத்தில், பள்ளி ஆசிரியராக இருந்த சார்லஸ் லாப்வொர்த் டாப்ஸ் லின் என்னும் ஓடைப்பகுதியில் கிராப்டோலைட்டுகளை அடுக்கு அடுக்காகச் சேகரித்தார். அதே இனங்கள் அதே வரிசையில் திரும்ப வருவதைக் கொண்டு, மெல்லிய களிப்பாறை ஒன்றே மடிந்தும் முறிந்தும் திரும்பத் திரும்ப வெளித்தெரிகிறது என்று 1878இல் காட்டினார். அடுத்த ஆண்டே ஆர்டோவிசியன் என்ற காலப்பிரிவை முன்மொழிந்தவரும் அவரே. இன்று ஆர்டோவிசியனுக்கு அடுத்த சைலூரியன் காலத்தின் தொடக்கத்தைக் குறிக்க உலக அளவில் ஏற்கப்பட்ட பாறைப் புள்ளி அதே டாப்ஸ் லின்னில், பர்க்ஹில் களிப்பாறையின் அடியிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு அடையாளம் அகிடோகிராப்டஸ் அசென்சஸ் என்னும் இனத்தின் முதல் வருகை. டெவோனியனின் தொடக்கத்தை 1972இல் செக் நாட்டின் கிளோங்கில் நிர்ணயித்தபோதும் கைகொடுத்தது மோனோகிராப்டஸ் யூனிஃபார்மிஸ்தான். சீனாவின் சிச்சுவான் பகுதியில் லோங்மாசி களிப்பாறையில் எரிவாயு எடுப்பவர்கள், துளை எந்த அடுக்கில் போகிறது என்பதை இந்தப் படிவ மண்டலங்களை (குறிப்பிட்ட இனங்களால் அடையாளம் காணப்படும் அடுக்குகளை) வைத்து முடிவுசெய்கிறார்கள். தவறான பெயர் அங்கே தவறான அடுக்காகிவிடும்.

தமிழ்நாட்டில் கிராப்டோலைட் கிடைக்குமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். அரியலூரின் கடல் படிவங்கள் கிரிட்டேசியஸ் காலத்தவை. மிதந்த கிராப்டோலைட்டுகள் அழிந்து முப்பது கோடி ஆண்டுகள் ஆன பிறகு படிந்தவை. கிராப்டோலைட் என்று ஏமாற்றும் வகையில் கல் பிளவில் கறுப்பாகப் பெரணி போலக் கிளைத்திருப்பது மாங்கனீசு ஆக்சைடு படிந்த வெறும் கறை. கைலென்ஸில் அறையும் தெரியாது, சிக்குலாவும் தெரியாது.

தங்களிடம் கேட்பது இதுதான்: திருத்தத்தைப் படத்தோடு, சரியான திசையில் வெளியிடுங்கள். கல்லூரி அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'டிக்டியோனீமா ஃபிளாபெல்லிஃபார்மே' என்ற சீட்டோடு உங்கள் அலமாரியில் ஒரு மாதிரி இருந்தால், மிதந்து வாழ்ந்த அந்த இனம் இப்போது ரப்டினோபோரா பேரினத்தில் இருக்கிறது. பழைய சீட்டைக் கிழித்துவிடாதீர்கள். புதிய பெயர், மாற்றிய தேதி, மாற்றியவர் கையெழுத்து ஆகியவற்றோடு இன்னொரு சீட்டை அதன் அருகில் வையுங்கள்.

இப்படிக்கு,
தொல்லுயிரியல் ஆசிரியர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி