உங்கள் முக்கோணங்கள் எங்களிடம்தான் இருக்கின்றன

லாரிக்கார அண்ணே, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். வண்டி நின்றால் சாலையில் எச்சரிக்கைக்கு வைக்கும் உங்கள் மூன்று சிவப்பு முக்கோணங்களும் பத்திரமாக இருக்கின்றன. இழுவை வண்டிக்காரர் அவசரத்தில் எங்கள் சாமான்களோடு சேர்த்து டிக்கியில் போட்டுவிட்டார். மறுநாள் காலை கோல்டன் ஊரில்தான் பார்த்தோம். அதற்குள் நீங்கள் எந்த மாகாணத்தில் இருந்தீர்களோ.

"தமிழ்ல எழுதினா அவர் எப்படிப்பா படிப்பார்?" என்று மகன் கேட்கிறான். நியாயமான கேள்விதான். ஆங்கிலத்திலும், தெரிந்தவர் ஒருவர் உதவியால் பஞ்சாபியிலும் சின்னதாக ஓர் அறிவிப்பு எழுதி, லாரிகள் நிற்கும் இடங்களில் ஒட்டக் கொடுத்திருக்கிறோம். இது நம்மவர்களுக்கு. கனடாவில், சர்ரேயில் இருக்கும் நமக்கு லாரி ஓட்டும் பஞ்சாபி நண்பர் ஒருவராவது இல்லாமல் இருக்க மாட்டார். வாய்வழியாகப் போய்ச் சேரட்டும்.

என்ன நடந்தது என்று திரும்பவும் சொல்லப் போவதில்லை. தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு டிரம்ஹெல்லர் டைனோசர் அருங்காட்சியகத்துக்குக் கிளம்பியது, வண்டி நின்றது, போனில் சிக்னலே இல்லாதது எல்லாவற்றையும் ஆளுக்கு நாலு முறை கேட்டுவிட்டீர்கள். ரோஜர்ஸ் மலைக் கணவாய்க்கும் கோல்டனுக்கும் நடுவில், இறக்கத்தில், ஒரு வளைவு தாண்டிய இடம். அது போதும். அந்த வளைவை நினைத்தால் இன்னும் எனக்குக் கை சில்லிடுகிறது.

லாரிக்கார அண்ணன் எங்களைத் தாண்டிப் போகாமல் பின்னால் கொண்டுவந்து லாரியை நிறுத்தினார். தலைப்பாகை கட்டிய, அறுபதை நெருங்கும் ஆள். என்ன ஆச்சு என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே நடந்தார். வளைவுக்கு அந்தப் பக்கம் ஒன்று, வளைவிலேயே ஒன்று, லாரிக்குச் சற்றுப் பின்னால் ஒன்று. மூன்று முக்கோணத்தையும் வைத்து முடித்த பிறகுதான் பேச்சு.

ஆனால் நான் நன்றி சொல்ல வந்தது அதற்கு மட்டும் இல்லை.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, சர்க்கரை வேறு. வண்டி நின்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் அவஸ்தைப்படுவது என் கண்ணில் படவில்லை. நான் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலை ஓரத்தில் நடந்துகொண்டிருந்தேன். மனைவியிடம் மட்டும் காதோடு சொல்லியிருக்கிறார். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் இரும்புத் தடுப்பு, அதற்குக் கீழே பள்ளம். மறைவு என்று இருந்தது எங்கள் கார் ஒன்றுதான். அதன் மேல் லாரியின் முகப்பு விளக்கு பட்டப்பகலாக அடித்துக்கொண்டிருந்தது.

லாரிக்காரரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மனைவி அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றதைப் பார்த்தார், அவ்வளவுதான். கேபினில் ஏறினார். முகப்பு விளக்குகள் அணைந்தன. பின்பக்கம் மினுக்கும் விளக்குகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. டார்ச்சோடு இறங்கி வந்து, எங்கள் காருக்கு முதுகைக் காட்டி, வளைவைப் பார்த்தபடி நின்றுகொண்டார். என்னையும் மகனையும் பக்கத்தில் கூப்பிட்டுக்கொண்டார். எந்த டைனோசருக்குப் பல் பெரிது என்று மகனிடம் கேட்டார், தேவைக்கு மேல் சத்தமாக. அவனும் அதே சத்தத்தில் பதில் சொன்னான். அந்த இருட்டில், அந்தக் குளிரில், டைனோசர் பல்லைப் பற்றி இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள். எதற்கு இந்தச் சத்தம் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. மனைவி குரல் கொடுத்த பிறகுதான் திரும்பினார். போய் விளக்கைப் போட்டார்.

இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "டீ குடுத்ததுக்கெல்லாம் நன்றி சொல்லுவ, இதுக்குச் சொல்ல மாட்டியா?" என்றார்.

டீயும் கொடுத்தார். சோம்பு தட்டிப் போட்ட டீ, ஸ்டீல் பிளாஸ்கில். அம்மா தான் கட்டிக்கொண்டு வந்த புளிசோற்றை அவருக்குக் கொடுத்தார். அவர் பஞ்சாபியில் அம்மாவை அழைப்பதுபோல "பீஜி" என்றார், அம்மா "தம்பி" என்றார். பேரனின் பயத்தைப் போக்க அம்மா ஊர்க் கதையை எடுத்தார். நாங்கள் பெரம்பலூர்ப் பக்கம். சாத்தனூர் ஓடையில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. அதையும் அவர் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். இழுவை வண்டி வரும்வரை ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கனடாவில் லாரி ஓட்டுநர்கள் ஒரு நாளில் 13 மணி நேரம்தான் ஓட்டலாம், நின்றுகொண்டிருந்தாலும் வேலை நேரக் கணக்கு ஓடும் என்று கால்கரி நண்பர் சொன்ன பிறகுதான் தெரியும். அந்த இரண்டு மணி நேரத்தை எங்கே ஈடுகட்டினாரோ. வாய் திறக்கவில்லை.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். கோல்டன் வரை போய் எங்களுக்காகப் போன் செய்த அந்த இளம் ஜோடி, இழுவை வண்டிக்காரர், நடு இரவில் அறைக்கு ஹீட்டர் கொண்டுவந்த விடுதிக்காரம்மா, சனிக்கிழமை காலையில் 260 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்து கூட்டிப்போன கால்கரி நண்பர், பூனையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீடு. எல்லோருக்கும் நன்றி. சிக்னல் கிடைத்த பிறகு சாலை உதவி எண்ணில் எங்களை நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்தவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை.

அருங்காட்சியகத்துக்குப் போனோமா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை போனோம். 1,100 கிலோமீட்டர் கிளம்பிவிட்டுப் பாதியில் திரும்ப அம்மா விடவில்லை. மாங்கனீசு ஏறிக் கறுத்த டி. ரெக்ஸ் டைனோசர் எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது. 1980இல் மீன் பிடிக்கப் போன பள்ளி மாணவர்கள் கண்டது. மகன் அதைவிட அதிக நேரம் நின்றது போரியலோபெல்டா என்ற டைனோசர் முன்னால்தான். 11 கோடி ஆண்டுப் பழைய விலங்கு, தோலும் முள்ளுமாகப் படுத்துத் தூங்குவது போலவே இருக்கிறது. 2011இல் வடக்கே ஒரு சுரங்கத்தில் மண் அள்ளும் இயந்திரத்தை ஓட்டியவர் கவனித்து நிறுத்தியதால் கிடைத்தது. மார்க் மிட்செல் என்ற பணியாளர் ஏறத்தாழ 7,000 மணி நேரம் உட்கார்ந்து பாறையைச் சுரண்டி எடுத்திருக்கிறார். அந்த இனத்தின் பெயரிலேயே அவர் பெயரைச் சேர்த்துவிட்டார்கள்: மார்க்மிட்செல்லி.

"அந்த லாரி அங்கிள் பேர் என்னப்பா?" என்று அங்கே வைத்துத்தான் மகன் கேட்டான். எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை. டீ குடித்தோம், சோறு கொடுத்தோம், பெயரைக் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதுவரை வீட்டிலும் சொல்லவில்லை. அன்று மாலை ரெவெல்ஸ்டோக் வருவதற்கு முன்னால் ஒரு நீலக் கார் ஓரமாக நின்றது. பானெட் திறந்திருந்தது. ஒரு பெண் கையை ஆட்டினார். இருட்டுவதற்குள் கணவாயைத் தாண்ட வேண்டும், பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் நிற்கவில்லை. இனி நிற்பேன். டிக்கியில் பிளாஸ்க், போர்வை, டார்ச் எல்லாம் ஏறிவிட்டன. எங்களுக்கென்று புதிதாக மூன்று முக்கோணமும் வாங்கியாயிற்று.

அண்ணே, உங்களுடையதை அவற்றோடு கலக்கவில்லை. ஒன்றின் ஒரு பக்கம் கொஞ்சம் உடைந்திருக்கிறது. அது முன்பே உடைந்ததா, எங்களால் ஆனதா என்று தெரியவில்லை, மன்னிக்கவும். பெட்டி மூடி சரியாக மூடவில்லை. நீங்கள் போட்டிருந்த பச்சை ரப்பர் பேண்டையே திரும்பப் போட்டு, வாசல் பக்கத்து அலமாரியில் வைத்திருக்கிறோம்.