புரை ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புபவர் கையில் தமிழில் ஒரு தாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடி என்று வட சென்னையில் எந்தக் கண் கிளினிக் வாசலில் நின்றாலும் காதில் விழும் குறைகள் ஏறத்தாழ ஒன்றுதான். "காலையில வந்தது, மதியம் ஆகியும் டாக்டரைப் பார்க்கலை." "இனிமே கண்ணாடியே வேணாம்னாங்க, இப்ப பேப்பர் படிக்க முடியலை." "சொன்ன காசு ஒண்ணு, பில்லுல போட்டது ஒண்ணு." "நல்லாத்தான் இருந்துச்சு, மறுபடியும் மங்குது." கண் பரிசோதனை வேலையில் இருக்கும் எங்களுக்குத் தெரிந்த வரை, இவற்றில் பெரும்பாலானவை சொல்ல வேண்டியதைச் சொல்லாததாலும், சொன்னதை எழுதிக் கொடுக்காததாலும் வருபவை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

காத்திருப்புக்குக் காரணம் உண்டு. விழித்திரையைப் பார்க்க வேண்டுமானால் கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டாக வேண்டும். அது வேலை செய்ய 20 முதல் 30 நிமிடம் ஆகும். நாள்பட்ட சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாப்பா லேசில் விரியாது, இரண்டு மூன்று முறை போட வேண்டி வரும். பார்வை அளவு, கண்ணாடிப் பவர் எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஆக, ஒழுங்காகப் பார்க்கும் இடத்தில் இரண்டு மணி நேரம் ஆவது இயல்பு. இதை முன்பதிவு செய்யும்போதே போனில் சொல்லிவிடலாம். மருந்து போட்டபின் நாலைந்து மணி நேரம் பக்கத்தில் உள்ளது மங்கும், வெயில் கூசும், பைக் ஓட்டக் கூடாது, துணைக்கு ஒருவர் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். இன்னொன்று: கண் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை. இது தெரியாமல் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வந்து உட்கார்ந்து, பதினொரு மணிக்கு மயங்கிச் சாய்பவர்கள் உண்டு.

புரை ஆபரேஷனில் மக்கள் கேட்க மறப்பது அளவெடுக்கும் கட்டத்தைப் பற்றித்தான். எந்த டாக்டர் செய்கிறார், தையல் உண்டா, லேசரா என்றெல்லாம் விசாரிப்பார்கள். (பலரும் லேசர் என்று சொல்லும் ஃபேகோ முறையில் புரையைக் கரைப்பது லேசர் இல்லை, அல்ட்ராசவுண்ட் அதிர்வு.) ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை எப்படி நிற்கும் என்பதில் பெரும்பங்கு, அதற்கு முன்னால் எடுக்கும் இரண்டு அளவுகளுக்கு உண்டு: கண்ணின் நீளம், கருவிழியின் வளைவு. புரையை எடுத்துவிட்டு உள்ளே வைக்கும் லென்ஸின் பவரை இவற்றைக் கொண்டுதான் கணக்கிடுகிறார்கள். கண்ணின் நீளம் சராசரியாக 23.5 மில்லிமீட்டர். இதில் 1 மில்லிமீட்டர் தவறினால் பவர் ஏறக்குறைய 2.5 முதல் 3 வரை மாறிப்போகும். அல்ட்ராசவுண்டால் கண் நீளத்தை அளக்கும் ஏ-ஸ்கேன் கருவியின் நுனியைக் கருவிழிமேல் கொஞ்சம் அழுத்தி வைத்தாலே நீளம் குறைவாகக் காட்டும். அந்தக் கணக்கில் தேவைக்கு அதிகமான பவரில் லென்ஸ் வைக்கப்படும், நோயாளிக்கு மைனஸ் பவர் நின்றுவிடும். கண்ணைத் தொடாமல் ஒளியால் அளக்கும் இயந்திரத்தில் இந்தப் பிழை இல்லை. ஆனால் புரை முற்றிப் பழுப்பேறிய கண்ணுக்குள் ஒளி புகாது, அப்போது ஏ-ஸ்கேன்தான் வழி. முற்றவிட்டு வராதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கருவிழி வளைவை மரப்பு மருந்து போடுவதற்கும், கண்ணைத் தொட்டு அழுத்தம் பார்ப்பதற்கும் முன்னால் எடுக்க வேண்டும். இரு கண் நீளத்துக்கும் 0.3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளக்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அளவெடுப்பதற்கு ஒரு வாரத்துக்கு முன்பாவது அதைக் கழற்றி வைத்திருக்க வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் இங்கே உண்டு. காசிமேட்டிலும் திருவொற்றியூர் குப்பங்களிலும் கடல் வெயிலிலும் காற்றிலும் காலம் கழித்தவர்கள் பலருக்கு, மூக்கை ஒட்டிய பக்கத்திலிருந்து கருவிழிமேல் சதை ஏறியிருக்கும். அந்தச் சதை கருவிழியை இழுத்து வளைவையே மாற்றிவிடும். சதை பெரிதாக இருந்தால் முதலில் அதை எடுத்து, புண் ஆறி, வளைவு நிலைப்படும் வரை சில வாரங்கள் பொறுத்து, பிறகு அளவெடுத்து லென்ஸ் வைப்பதே முறை. "ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சிடுங்க, இன்னொரு நாள் கூலி போகும்" என்று கேட்பவரின் நிலைமை புரிகிறது. ஆனாலும் ஏன் பொறுக்க வேண்டும் என்பதைப் பொறுமையாகச் சொல்ல ஆள் வேண்டும். சதையை வெறுமனே வெட்டி எடுத்தால் திரும்ப வளரும் வாய்ப்பு அதிகம், அதே கண்ணிலிருந்து மெல்லிய சவ்வை எடுத்து அங்கே ஒட்டினால் குறையும் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அடுத்தது லென்ஸும் காசும். கவுன்ட்டரில் "ஸ்டாண்டர்டா, பிரீமியமா?" என்று கேட்டால் நோயாளிக்கு என்ன விளங்கும்? ஒரே தூரத்துக்கான சாதாரண லென்ஸ் வைத்தால் தூரம் தெளிவாக இருக்கும், படிக்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடியே வேண்டாம் என்று யாராவது சொன்னால் எந்த லென்ஸை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். தூரம், கிட்டம் இரண்டுக்குமான மல்டிஃபோகல் லென்ஸ் விலை கூடியது. எல்லோருக்கும் அது பொருந்தாது. இரவில் எதிரே வரும் விளக்குகளைச் சுற்றி ஒளி வட்டம் தெரியும். எண்ணூர் விரைவுச் சாலையில் ராத்திரி முழுக்கக் கன்டெய்னர் லாரி ஓட்டுபவருக்கு அந்த லென்ஸைப் பரிந்துரைப்பது சரியில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. விழித்திரையில் சர்க்கரைப் பாதிப்போ, கண் அழுத்த நோயோ உள்ளவர்களுக்கும் அப்படித்தான். பேக்கேஜ் தொகையில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, சொட்டு மருந்து, மறு பரிசோதனைகள் சேர்த்தியா என்பதை ஆபரேஷன் தேதி குறிக்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

ஒவ்வொரு லென்ஸ் பெட்டியிலும் விலை அச்சிட்டிருக்கும். உள்ளே சிறு ஸ்டிக்கர்கள் சில இருக்கும். தீப்பெட்டி லேபிள் அளவுதான் இருக்கும். லென்ஸ் மாடல், பவர், வரிசை எண் எல்லாம் அதில் உண்டு. அதில் ஒன்று நோயாளி கையில் இருக்கும் தாளில் ஒட்டப்பட வேண்டும். மூன்று வருடம் கழித்து இன்னொரு கண்ணுக்கு வேறு இடத்தில் ஆபரேஷன் என்றால், முதல் கண்ணின் அளவு, வைத்த லென்ஸ், கடைசியில் நின்ற பவர் ஆகிய மூன்றும் தெரிந்தால்தான் அடுத்த கணக்கைத் திருத்திப் போட முடியும். ஸ்டிக்கர் கிளினிக் ஃபைலில் மட்டும் இருந்தால் அந்த வாய்ப்பு போச்சு.

ஆபரேஷனுக்கு முன் நோயாளிகள் மறைக்காமல் சொல்ல வேண்டியவை: சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, மருந்து ஒவ்வாமை. கூடவே, சிறுநீர் சிக்கலுக்குச் சாப்பிடும் டாம்சுலோசின் மாத்திரை. "கண்ணுக்கும் சிறுநீருக்கும் என்ன சம்பந்தம்" என்று பெரியவர்கள் இதைச் சொல்வதே இல்லை. அந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு ஆபரேஷன் நடுவில் கண் பாப்பா திடீரென்று சுருங்கி, சுற்றியுள்ள திரை துவண்டு வெளியே வரப் பார்க்கும். தெரிந்திருந்தால் டாக்டர் அதற்குத் தயாராக இருப்பார். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், சொன்னால் போதும்.

இனி சொட்டு மருந்து. அதிகம் கெடுவது இங்கேதான். ஆபரேஷனுக்குப் பின் தரும் ஸ்டீராய்டு மருந்தைப் பொதுவாக முதல் வாரம் தினம் 6 முறை, அடுத்த வாரம் 5, பிறகு 4, 3, 2, 1 என்று ஆறு வாரத்தில் குறைத்துக்கொண்டு வருவார்கள். கணக்குப் போட்டால் மொத்தம் 147 சொட்டு. 5 மில்லி பாட்டிலில் இருப்பது ஏறக்குறைய 100 சொட்டுதான். சிந்தாமல் போட்டாலும் மூன்றாவது வாரக் கடைசியில் பாட்டில் காலியாகிவிடும். அப்போது நோயாளி என்ன நினைப்பார்? மருந்து தீர்ந்தது, சிகிச்சை முடிந்தது என்றுதான். திடீரென்று நிறுத்தினால் உள்ளே வீக்கம் திரும்பி, கண் சிவந்து வலிக்கும். இதற்கு நேர்மாறான தப்பும் நடக்கிறது. ஆறு வாரம் கழிந்தும் "நல்ல மருந்து, கண்ணு குளிர்ச்சியா இருக்கு" என்று பழைய பாட்டிலைக் காட்டி மெடிக்கலில் மறுபடி மறுபடி வாங்கிப் போடுவார்கள். ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை வலியில்லாமல் ஏற்றும். அந்த அழுத்தத்தால் கண் நரம்பு கெட்டுப் போன பார்வை திரும்பாது. மெட்ராஸ் ஐ பரவும் நாட்களில் இதே பாட்டில் வீட்டிலுள்ள எல்லோர் கண்ணுக்கும் போவதையும் பார்க்கிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மருந்துக் கடைக்காரர்களும் சீட்டு இல்லாமல் இதைத் தராதீர்கள்.

போடும் முறையையும் செய்து காட்டித்தான் அனுப்ப வேண்டும். சில பாட்டில்களில் மூடிக்குள்ளேயே முள் இருக்கும். மூடியை இறுக்கித் திருகினால் துளை விழும். இது தெரியாமல் சேலையில் குத்தியிருக்கும் ஊக்கை எடுத்துக் குத்துகிறார்கள். துளை பெரிதாகிச் சொட்டு கொட்டும், ஊக்கில் உள்ள அழுக்கும் மருந்தில் இறங்கும். சோப்புப் போட்டுக் கை கழுவி, மருந்து பால்போல் இருந்தால் நன்றாகக் குலுக்கி, படுத்துக்கொண்டு, கீழ் இமையை இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு. கண்ணில் அதற்கு மேல் இடமில்லை, இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். பாட்டில் நுனி இமை முடியில் படக் கூடாது. கண்ணை மூடி, மூக்கோரத்தில் விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். இரண்டு மருந்து இருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விடவும். திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

முதல் வாரம் முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ கண்ணுக்குள் போகக் கூடாது. தூங்கும்போது கண்மேல் பிளாஸ்டிக் மூடி போட வேண்டும். மிக முக்கியமானது இது: ஆபரேஷனான சில நாட்களில் வலி கூடிக்கொண்டே போனாலோ, சிவப்பு ஏறினாலோ, தெளிந்த பார்வை மங்கினாலோ, அது கண்ணுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். அதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. "திங்கட்கிழமைதானே செக்கப்" என்று காத்திருக்கக் கூடாது. கிளினிக் பூட்டியிருந்தால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் தொலைவில்லை. விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் ஏறி, சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிறுத்தமே எழும்பூர்.

மறுபடி மங்குவதைப் பற்றி: எடுத்த புரை திரும்ப வராது. லென்ஸ் உட்கார்ந்திருக்கும் பின் சவ்வு மாதங்களோ வருடங்களோ கழித்து மங்கினால், லேசரில் சில நிமிடங்களில் சரிசெய்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஒன்றிரண்டு மாதத்திலேயே மங்கினால் விழித்திரையில் நீர் கோத்திருக்கலாம், சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம். இரண்டும் வேறு வேறு. வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டாம்.

கண்ணாடிச் சீட்டிலும் குறை உண்டு. பவர், சிலிண்டர், ஆக்சிஸ் எழுதுவார்கள், இரண்டு கண் பாப்பாவுக்கும் இடையிலான தூரத்தை, அதாவது பி.டி.யை, விட்டுவிடுவார்கள். வெளியில் பாரிமுனையில் கண்ணாடி போடுபவருக்கு அது தேவை. கேட்டால் எழுதித் தர வேண்டும்.

நோயாளி தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளே சொல்கின்றன. கேட்டுத்தான் பெற வேண்டுமா? வட சென்னையில் உள்ள கண் மருத்துவமனைகளையும் கிளினிக்குகளையும் நாங்கள் கேட்டுக்கொள்வது ஒரே ஒரு தாள். மேலே கண் நீளமும் வளைவும், நடுவில் லென்ஸ் ஸ்டிக்கர், அதன் கீழே ஆறு வாரத்துக்கும் கட்டம் போட்ட சொட்டு மருந்து அட்டவணை, "இரண்டாவது பாட்டில் வாங்க வேண்டிய நாள்" என்று தேதியோடு ஒரு வரி, ஆபத்து அறிகுறிகள் மூன்று, ராத்திரியிலும் எடுக்கப்படும் ஒரு போன் எண். எல்லாம் தமிழில் இருக்க வேண்டும். படிக்கப்போகிறவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு கண்ணிலும் புரையோடு இருப்பவர். ஆகவே எழுத்தைப் பெரிதாக, கறுப்பு மையில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கண் பரிசோதனைப் பணியாளர்கள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21