ட்யூப்பில் மணி எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தீவிர ஒவ்வாமையை ரத்தப் பரிசோதனையில் கண்டறிவது பற்றிய கட்டுரையைத் தங்கள் இதழில் படித்தேன். ஒவ்வாமைத் தாக்குதலின்போது ரத்தத்தில் ஏறும் டிரிப்டேஸ் என்ற நொதியின் பெயரைப் பொது வாசகர்களிடம் கொண்டுபோனதற்கு நன்றி. ஆனால் ஒரு தடவை ரத்தம் எடுத்தால் விடை கிடைத்துவிடும் என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவமனை ஆய்வகத்தில் பல வருடமாக ட்யூப்களோடு மல்லுக்கட்டுகிறவள் நான். அது அவ்வளவு லேசில்லை.

முதலில் ஒன்று. மூச்சுத் திணறலோ, ரத்த அழுத்தச் சரிவோ வந்து ஒருவர் கிடக்கும்போது எங்கள் ரிசல்ட்டுக்காக யாரும் காத்திருக்கக் கூடாது. கண்ணால் பார்த்து முடிவுசெய்து, தொடைத் தசையில் அட்ரினலின் போட வேண்டும். எங்கள் வேலை அதற்கப்புறம்தான்: வந்தது ஒவ்வாமைதானா, இல்லை வெறும் மயக்கமா, ஆஸ்துமாவா என்று பிரித்துச் சொல்ல உதவுவது.

ஒவ்வாமைத் தாக்குதலில், மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் தங்களுக்குள் வைத்திருப்பதையெல்லாம் கொட்டிவிடுகின்றன. ஹிஸ்டமினும் அதில் உண்டு. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அதன் தடயமே போய்விடும். டிரிப்டேஸ் கொஞ்சம் நிதானம். 1 முதல் 2 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு ஏறக்குறைய 2 மணிக்கொரு தடவை பாதியாகும். மறுநாள் பழைய நிலைக்கு வந்துவிடும். சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவத்தில்) சட்டென்று கெடாது என்பதால் ட்யூப் எங்களிடம் தாமதமாக வந்தால்கூடப் பாதகமில்லை. உடம்பிலிருந்து எப்போது எடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

அந்த ஒன்றைத்தான் எழுத மாட்டார்கள். ஒருநாள் காலை ஒரு ட்யூப் வந்தது. பெயர், வயது, படுக்கை எண் எல்லாம் இருந்தன, நேரம் இல்லை. வார்டுக்குப் போன் போட்டேன். ஷிஃப்ட் மாறியிருந்தது. "ராத்திரி எப்பவோ எடுத்தது சிஸ்டர்" என்றார்கள். (நான் சிஸ்டர் இல்லை, அது வேறு கதை.) ரிசல்ட் ஒரு மில்லிலிட்டருக்கு 9 நானோகிராம். வழக்கமான மேல் எல்லை 11.4. 'நார்மல்' என்று ரிப்போர்ட் போனது.

வேறு காரணத்துக்காக அந்த நோயாளி இன்னும் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. ஒரு இளம் மருத்துவர் ஞாபகமாக இன்னொரு தடவை ரத்தம் அனுப்பினார். இந்த முறை 4. அதுதான் அவருடைய இயல்பான அளவு. இயல்பான அளவை 1.2-ஆல் பெருக்கி 2 கூட்ட வேண்டும். தாக்குதல் நேரத்து அளவு அதையும் தாண்டினால் மாஸ்ட் செல்கள் வேலையைக் காட்டியிருக்கின்றன என்று பொருள். இவர் கணக்கு 6.8. வந்ததோ 9. 'நார்மல்' என்று நாங்கள் அனுப்பிய ரிப்போர்ட் பாதி உண்மைதான்! தாக்குதல் அடங்கி 24 மணி நேரம் கழித்து எடுக்கும் அந்த இரண்டாவது ரத்தம், பெரும்பாலும் டிஸ்சார்ஜோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

இரண்டையும் எடுத்தாலும் டிரிப்டேஸ் ஏறாமலே தீவிர ஒவ்வாமை வரலாம், முக்கியமாக உணவால் வரும்போது, அதுவும் குழந்தைகளுக்கு. ஆகவே ஏறவில்லை என்பதை வைத்து "உங்களுக்கு அலர்ஜியே இல்லை" என்று யாரையும் அனுப்பிவிடக் கூடாது. மறுபக்கம், எந்தத் தொந்தரவும் இல்லாத நாளிலேயே அளவு கூடுதலாக இருந்தால் மாஸ்டோசைட்டோசிஸ் (மாஸ்ட் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகும் நோய்), பரம்பரையாக வரும் டிரிப்டேஸ் மரபணுவின் கூடுதல் பிரதி போன்றவற்றையும் பார்க்க வேண்டும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு வந்த படத்தில் ஐஜிஇ (IgE) என்ற எதிர்ப்பொருளுக்கான பரிசோதனையையும் டிரிப்டேஸையும் ஒரே கட்டத்தில் போட்டிருக்கிறீர்கள். ஒரு பொருளுக்கு எதிராக உடல் தயாராகியிருக்கிறதா என்று காட்டுவது ஐஜிஇ. நேற்று ராத்திரி நடந்தது என்ன என்பதை அது சொல்லாது. அடுத்த இதழில் இரண்டையும் பிரித்துப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஆய்வகப் பணியில் இருக்கும் ஒரு வாசகி